முன்சீப், மாஜிஸ்திரேட், ஜில்லா ஜட்ஜ்: உள்ளூர் நீதிபதியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீதிபதி மேடைக்குக் கீழே போட்டிருக்கும் மேஜைதான் என் இடம். வாய்தாவுக்கு வந்தவர்கள், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், டீக்கடையில் பழக்கமானவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். பக்கத்து மாநிலத்தில் பெயர்களும் விதிகளும் கொஞ்சம் மாறும்.

முன்சீப், மாஜிஸ்திரேட், சப் ஜட்ஜ், ஜில்லா ஜட்ஜ்னு சொல்றாங்களே, இதுல யார் பெரியவர்?

மூன்று படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே நிலைதான், இன்றைய பெயரில் இளநிலை சிவில் நீதிபதி. சொத்து, பணம், பாகப்பிரிவினை மாதிரி உரிமை வழக்கைக் கேட்டால் முன்சீப், குற்ற வழக்கைக் கேட்டால் நீதித்துறை நடுவர். நடுப்படியில் சப் ஜட்ஜ் என்கிற சார்பு நீதிபதி. மாவட்டத் தலைமைக் குற்றவியல் நடுவரும் இந்தப் படியில்தான் வருவார். மேல்படியில் மாவட்ட நீதிபதி. கொலை வழக்கை விசாரிக்கும்போது அவரையே செஷன்ஸ் நீதிபதி என்கிறோம்.

சின்ன ஊர்களில் கீழ்ப்படி வேலை இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பார். 'மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்' என்று நீளமாக போர்டு தொங்கினால் அதுதான். காலையில் அடிதடிக் கேஸில் சாட்சி விசாரித்தவர், மத்தியானம் வரப்புத் தகராறில் வாதம் கேட்டுக்கொண்டிருப்பார்.

தாசில்தாரையும் மாஜிஸ்திரேட்னு சொல்றாங்க. எங்க தாத்தா காலத்துல ஊர்லயே ஒரு முன்சீப் இருந்தாராம். அவங்களும் ஜட்ஜ்தானா?

இல்லை. தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் ஆகியோர் நிர்வாகத்துறை நடுவர்கள். 144 தடை உத்தரவு என்று நாம் சொல்லிப் பழகிய உத்தரவு, நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்குவது போன்ற அமைதி காக்கும் வேலைகள் அவர்களுடையவை. குற்றத்தை விசாரித்து ஜெயில் தண்டனை தருவது அவர்கள் வேலை இல்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 50-வது பிரிவு.

தாத்தா சொன்னவர் கிராம முன்சீப். வரி வசூல், ஊர்க் காவல் என்று பார்த்த பரம்பரைப் பதவி அது. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்கு வி.ஏ.ஓ. வந்தார். கோர்ட் முன்சீப்புக்கும் அவருக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

இந்த வேலைக்கு என்ன படிக்கணும்? காலேஜ் முடிச்ச கையோட பரீட்சை எழுதலாமா?

சட்டப் பட்டம் வேண்டும். தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி.; நியமன உத்தரவு ஆளுநர் பெயரில் வரும்; தேர்விலும் அதற்குப் பிறகும் உயர் நீதிமன்றத்தின் கை இருக்கும். அரசியலமைப்பின் 234-வது பிரிவு இந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறது.

கல்லூரி முடித்த கையோடு எழுதலாமா என்பதில் உச்ச நீதிமன்றமே முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது. மூன்று வருஷமாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 1993-ல் சொன்னது. நல்ல மாணவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று 2002-ல் அதை எடுத்தது. 2025 மே 20 அன்று திரும்பவும் மூன்று வருஷம் என்று தீர்ப்புச் சொன்னது. பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த வருஷங்களைக் கணக்கிடலாம், நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். வயது வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறியிருக்கிறது. பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் மூன்று வருஷம் நல்லதுதான். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் கை நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திராத ஒருவர், அந்த நடுக்கத்தை உடனே பொய் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆனால் வருமானமே இல்லாத ஜூனியர் வக்கீல் வாழ்க்கையை மூன்று வருஷம் தாக்குப் பிடிக்க, வீட்டில் யாராவது சோறு போட வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது லேசான காரியம் இல்லை.

பரீட்சை எப்படி இருக்கும்? எது கஷ்டம்?

முதலில் கொள்குறி வகை முதனிலைத் தேர்வு. தேறினால் முதன்மைத் தேர்வில் நான்கு தாள்கள், தாளுக்கு 100 மதிப்பெண்: மொழிபெயர்ப்பு ஒன்று, சட்டத் தாள்கள் மூன்று. கடைசியில் 60 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். 2023-ல் வந்த அறிவிப்பு 245 இடங்களுக்கு. அப்படி மொத்தமாக அறிவிப்பு வருவதும் எல்லா வருஷமும் நடப்பதில்லை.

சட்டத்தை விழுந்து விழுந்து படித்துவிட்டு மொழிபெயர்ப்புத் தாளில் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்சி வாக்குமூலம், பத்திரம், தீர்ப்பின் ஒரு பகுதி ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். 'மேற்படி சொத்தில் எனக்குண்டான பாத்தியதையை விட்டுக்கொடுத்து' என்ற வரியை இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குக் கொடுத்தால் பேனா நின்றுவிடும். பழைய கிரயப் பத்திரங்களை எடுத்து வைத்துப் படியுங்கள் என்பதுதான் நான் சொல்லும் ஒரே யோசனை. சார்பதிவாளர் ஆபீஸ் தமிழ் தெரியாமல் முன்சீப் வேலை பார்க்க முடியாது.

வக்கீல் குடும்பம், வசதியான குடும்பத்துப் பிள்ளைகதான் ஜட்ஜ் ஆக முடியும்ங்கிறாங்களே?

பழைய கதையைப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி திருவாரூர் முத்துசாமி ஐயர். சின்ன வயதில் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக இருந்துதான் மேலே போனார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, அப்புறம் முன்சீப் ஆனவர். ஆங்கிலத் தீர்ப்புகளை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் கொண்டுவந்ததும் அவர்தான். பெண்களில் அன்னா சாண்டி 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனார். பிறகு 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி.

இன்று கோர்ட்டுக்கு வருகிறவர்களில் ஆசிரியர் பிள்ளை, விவசாயி பிள்ளை, கண்டக்டர் பிள்ளை எல்லாரும் உண்டு. எழுத்துத் தேர்வு என்பதால் அப்பா யார் என்று விடைத்தாள் கேட்காது. ஆனால் போன கேள்விக்கு முந்தையதில் சொன்ன அந்த மூன்று வருஷச் செலவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

செலக்ட் ஆனதும் நேரா நாற்காலியில உட்கார வச்சிடுவாங்களா?

பயிற்சி உண்டு. சென்னையில் மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது. கோவையிலும் மதுரையிலும் அதன் மையங்கள். வகுப்பு போக, நடக்கிற கோர்ட்டில் மூத்த நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு வருஷப் பயிற்சி முடியாமல் கோர்ட்டை ஒப்படைக்கக் கூடாது என்று மேலே சொன்ன 2025 தீர்ப்பு சொல்கிறது.

புதிதாக வருகிறவருக்குச் சட்டம் தெரியும், ஆபீஸ் தெரியாது. சிரஸ்தார் (கோர்ட் ஆபீஸின் தலைமை எழுத்தர்) எதைப் பார்ப்பார், அமீனா (கோர்ட் உத்தரவை வெளியே போய் நிறைவேற்றும் ஊழியர்) எதற்குப் போவார், வழக்குச் சொத்து அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் முதல் மாதத்தில் எங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். கேட்கக் கூச்சப்படாதவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

சம்பளம் எவ்வளவு சார்?

நீதிபதி வெங்கடராம ரெட்டி தலைமையிலான இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழு, 2016 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு வகுத்தபடி, இளநிலை சிவில் நீதிபதிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.77,840. முதுநிலைக்கு, அதாவது சார்பு நீதிபதிக்கு, ரூ.1,11,000. மாவட்ட நீதிபதிக்கு ரூ.1,44,840. அகவிலைப்படி முதலானவை தனி.

பத்தரைக்கு வந்து அஞ்சு மணிக்குக் கிளம்பிடுறாரே, சுகமான வேலைதானே?

மேடையில் இருக்கும் நேரம் மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் அழைப்பு வேலை. ஒவ்வொரு கேஸாகக் கூப்பிட்டு, வாய்தாவா, சாட்சியா, வாதமா என்று பிரிக்க வேண்டும். பிறகு சாட்சி. சாட்சி சொல்வது அப்படியே பதிவாகிவிடுவதில்லை. 'அவன் என்னை வச்சு வாங்கிட்டான்' என்று கூண்டில் இருப்பவர் சொல்வார். அடித்தானா, திட்டினானா, கையாலா, கட்டையாலா என்று வக்கீலும் நீதிபதியும் கேட்டுத் தெளிவாக்கி, அது எழுத்தில் வந்து, வாசித்துக் காட்டி, சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சொல் தவறினால் மேல் கோர்ட்டில் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் வீட்டில், ராத்திரியில். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. ஆனால் அதற்கு முன்பு நடந்த குற்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படிதான் முடியும். ஆக இரண்டு செட் பிரிவு எண்கள் தலையில் ஓட வேண்டும். இது போக மாதாந்திரக் கணக்கு, சிறைப் பார்வை, லோக் அதாலத், வட்ட சட்டப் பணிகள் குழு வேலை. பக்கத்துக் கோர்ட்டில் ஆள் இல்லையென்றால் அதற்கும் இன்சார்ஜ்.

மாஜிஸ்திரேட்டாக இருந்தால் ராத்திரியும் நிச்சயமில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்தியாக வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஜீப் வீட்டு வாசலுக்கு வரும். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவரிடம் மரண வாக்குமூலம் வாங்கக் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். சிவில் கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை உண்டு. நடுவர் கோர்ட்டுக்கு அதுவும் கிடையாது.

மாஜிஸ்திரேட் எத்தனை வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம்?

முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டு வரை. அபராதம் பழைய சட்டத்தில் ரூ.10,000, புதிய சட்டத்தில் ரூ.50,000 வரை உயர்ந்துவிட்டது. சின்னக் குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவை செய்யச் சொல்லவும் இப்போது வழி உண்டு. தலைமைக் குற்றவியல் நடுவர் ஏழு ஆண்டு வரை தரலாம். ஆயுள், தூக்கு எல்லாம் செஷன்ஸ் கோர்ட் அதிகாரம். அதிலும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும்.

போலீஸ் கூட்டிட்டு வந்தா கையெழுத்து போட்டு ஜெயிலுக்கு அனுப்பிடுறாரு. அவரால வேற என்னதான் செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். ஒழுங்காக நடக்கும் ரிமாண்டில் முதல் கேள்வி போலீஸிடம் இருக்காது. ஏட்டையாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிடிபட்டவரிடம், 'அடிச்சாங்களா? எங்கயாவது வலிக்குதா? வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களா? வக்கீல் இருக்காரா?' என்று கேட்பார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். டாக்டர் சீட்டில் இருப்பதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் கைது ஏன் அவசியம் என்ற காகிதம். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் அந்தக் காரணத்தைப் பார்க்காமல் காவலில் வைக்க அனுமதித்தால், நடுவர் மீதே துறை நடவடிக்கை வரும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்டை மறுக்கலாம். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் கொடுக்கவும் முடியாது.

இந்தக் கேள்விகள் ஒப்புக்குக் கேட்கப்பட்டால் என்ன ஆகும் என்று 2020-ல் சாத்தான்குளத்தில் பார்த்தோம். ரிமாண்ட் செய்யப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதே சம்பவத்தில் இன்னொரு முகமும் உண்டு. காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர், போலீஸார் ஒத்துழைக்கவில்லை, மிரட்டும் தோரணையில் நடந்துகொண்டார்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு எழுதினார். சாட்சியங்களைக் காப்பாற்ற அந்தக் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குப் போனது. இரண்டு நடுவர்களுக்கும் சட்டப் புத்தகம் ஒன்றுதான்.

நடந்தது என்னன்னு ஊருக்கே தெரியும். ஜட்ஜுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், கோபத்தோடு. பதில்: அவருக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் அந்தத் தெரிதலை அவர் பயன்படுத்தக் கூடாது. பதிவான சாட்சியம், குறியிடப்பட்ட ஆவணம், இவை இரண்டையும் வைத்துத்தான் தீர்ப்பு. கோர்ட் வாசலில் பேசிக்கொண்டதை வைத்துத் தீர்ப்பு எழுதலாம் என்றால், நாளைக்கு உங்களைப் பற்றிப் பேசிக்கொள்வதையும் வைத்து எழுதலாம் அல்லவா?

கண்ணால் பார்த்த ஐந்து பேரும் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பிறழ்சாட்சி ஆகிவிட்டால் கேஸ் பெரும்பாலும் விடுதலையில்தான் முடியும். அப்புறம் அந்த ஐந்து பேரில் ஒருவரே என்னிடம் வந்து 'என்ன சார் ஜட்ஜு இப்படிப் பண்ணிட்டாரு' என்பார். இதுவும் நடந்திருக்கிறது.

ஜட்ஜ் மாறிட்டார். கேஸ் முதல்ல இருந்து ஆரம்பிக்குமா?

பொதுவாக இல்லை. முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே புதியவர் தொடரலாம். உரிமை வழக்கிலும் குற்ற வழக்கிலும் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சாட்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுவார். வாதம் முடிந்து தீர்ப்புக்கு முன் மாறிவிட்டால் வாதத்தை மட்டும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். ஆக ஒரு சொல் தவறக் கூடாது என்று மேலே சொன்னது இதற்கும்தான். சாட்சியின் முகத்தையே பார்க்காத ஒருவர் அந்தத் தாளை வைத்துத் தீர்ப்பு எழுத நேரிடலாம்.

இவங்க ஏன் ஊர்ல யாரோடும் பழகுறதில்ல? கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்லையே?

திமிர் இல்லை. மொய் எழுதிய வீட்டுக்காரர் மறுமாதம் பிரதிவாதியாக நிற்பார். போட்டோவில் பக்கத்தில் நின்றவர் அதைக் காட்டி யாரிடமாவது காசு வாங்குவார். இதெல்லாம் நடக்கிற உலகம்தான். ஒரே ஊரில் அதிக வருஷம் வைக்காமல் மாற்றுவதும் இதனால்தான். பிள்ளைகளுக்கு அடிக்கடி பள்ளிக்கூடம் மாறும். அந்தக் குடும்பங்களின் தனிமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கேஸ்ல எதிர்த் தரப்புக்காரருக்கு ஜட்ஜ் தூரத்துச் சொந்தமாம். என்ன பண்றது?

முதலில் உண்மையா என்று விசாரியுங்கள். பாதிக்கு மேல் புரளியாக இருக்கும். நெருங்கிய உறவாகவோ, வக்கீலாக இருந்தபோது அந்தக் கேஸையே நடத்தியவராகவோ இருந்தால் நீதிபதி தாமே விலகி, கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதுவார். விலகாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் மாற்று மனு போடலாம். காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். 'நமக்கு எதிராக ஒரு உத்தரவு போட்டார்' என்பது காரணம் ஆகாது. அதற்கு அப்பீல் இருக்கிறது.

மந்திரியோ கலெக்டரோ நினைச்சா இவரைத் தூக்கி அடிக்க முடியாதா?

முடியாது. இடமாற்றம், பதவி உயர்வு, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் உயர் நீதிமன்றத்தின் கையில், 235-வது பிரிவு. வேலையை விட்டு நீக்கும் உத்தரவு ஆளுநர் பெயரில் வந்தாலும், அது உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வரும். மாவட்ட வாரியாக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். அவர் ஆய்வுக்கு வருகிறார் என்றால் கோர்ட்டில் வெள்ளையடிப்பதிலிருந்து எல்லாம் நடக்கும்.

அப்போ ஜட்ஜ் மேல நாங்க புகார் குடுக்கவே முடியாதா?

கொடுக்கலாம். உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு எழுத வேண்டும். விஜிலென்ஸ் பிரிவும் அங்கே இருக்கிறது. பிரமாணப் பத்திரமும், சரிபார்க்கக் கூடிய ஆதாரமும் சேர்த்து அனுப்புங்கள். மொட்டைக் கடுதாசி எடுபடாது. தீர்ப்பு தப்பு என்பது மட்டும் புகார் இல்லை. தீர்ப்புக்காக ஒரு நீதிபதி மீது நீங்கள் வழக்குப் போடவும் 1850, 1985 ஆண்டுகளின் பாதுகாப்புச் சட்டங்கள் விடாது. கெட்ட நோக்கம், பணம், முறைகேடான நடத்தை என்று இருந்தால் அது வேறு.

முன்சீப்பா சேர்ந்தவர் ஹைகோர்ட் வரைக்கும் போக முடியுமா?

முடியும், ஆனால் வயது இடம் கொடுக்க வேண்டும். மாவட்ட நீதிபதி இடங்களில் பாதி, தகுதியும் மூப்பும் பார்த்துப் பதவி உயர்வில் நிரம்பும். கால் பங்கு, பணியில் இருப்பவர்கள் எழுதும் போட்டித் தேர்வுக்கு. இடையில் 10 சதவீதமாகக் குறைந்திருந்த அதை மேலே சொன்ன 2025 மே தீர்ப்பு திரும்ப 25 ஆக்கியது. மீதிக் கால் பங்கு நேரடி நியமனம், ஏழு வருஷ அனுபவம் உள்ள வக்கீல்களுக்கு. பணியில் இருக்கும் நீதிபதியும் வக்கீல் அனுபவத்தையும் சேர்த்து ஏழு வருஷம் காட்டினால் இந்த நேரடி வழியில் போட்டியிடலாம் என்று 2025 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதுவரை அந்தக் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது.

நேரடி வழியில் வந்தவர்களுக்குச் சர்வீஸ் நீளமாகக் கிடைக்கும். 1988-ல் தமிழ்நாட்டில் நேரடியாக மாவட்ட நீதிபதியான ஆர். பானுமதி 2014-ல் உச்ச நீதிமன்றம் வரை போனார். முன்சீப்பாகச் சேர்பவர் இரண்டு படி ஏறி முடிப்பதற்குள் ஓய்வு வயது நெருங்கிவிடும். இங்கே அது 60. உயர் நீதிமன்றத்தில் 62.

கோர்ட்ல அவரை எப்படிக் கூப்பிடணும்?

'ஐயா', 'அம்மா' போதும். 'மை லார்ட்' எல்லாம் வேண்டாம். இந்திய பார் கவுன்சில் விதியே கீழமை நீதிமன்றங்களில் 'சார்' அல்லது அதற்கு இணையான உள்ளூர்ச் சொல் என்றுதான் சொல்கிறது. போனை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

ரிடையர் ஆனதும் அதே கோர்ட்டுக்கு வக்கீலா வந்து நிக்கலாமா?

உடனே முடியாது. ஓய்வுக்கு முந்தைய மூன்று வருஷம் எந்த எல்லைக்குள் நீதிபதியாக இருந்தாரோ, அந்த எல்லைக்குள் இரண்டு வருஷம் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. வேறு ஊரில் செய்யலாம். பலர் அந்தப் பக்கமே போகாமல் நுகர்வோர் ஆணையம், சமரசத் தீர்வு என்று போய்விடுவார்கள். போகிறவர்களுக்கும் முதல் சில மாதம் கஷ்டம்தான். எதிர் வக்கீல் பேசும்போது 'ஓவர்ரூல்டு' என்று வாய் வரை வந்துவிடும்.